பேட்டையும் தீயணைப்பு நிலையமும்

பேரூர்களில் வாழ்வோர் பலர் தீயணைப்பு நிலையத்தை வண்டி நிறுத்தும் கொட்டிலென்றே கருதுகின்றனர். கொட்டிலாயின் அஃது எங்கிருப்பினும் ஒன்றே. இரண்டை ஒன்றாக்கினும் இழுக்கில்லை. இக்கருத்துப் பிழையுடையது என்பதே எமது துணிபு. நியூயார்க்கு மாநகரில் நிகழ்ந்ததொன்றை இதற்குச் சான்றாகக் கூறுவாம்.

அம்மாநகரின் புரூக்ளின் பகுதியில் வில்லியம்ஸ்பர்க்கு என்னும் பேட்டை உளது. அதன் வடபாகத்தில் போலந்து நாட்டு மரபினரான தொழிலாளர் மிகுதியாய் வாழ்ந்துவந்தனர். வீடுகளோ மரத்தாலாயவை, ஒன்றையொன்று நெருங்கி நிற்பவை. இடையிடையே தொழிற்சாலைகள் வேறு. அவர்க்கு அரணாயிருந்தது 212-ஆம் எண் தீயணைப்புக் குழுவின் நிலையம். 1975-இல் மாநகராட்சி கடன்சுமையால் நொடித்துப்போகும் நிலையை எய்தியபோது, மூடத்தக்கனவென்று குறித்த நிலையங்களுள் இதுவும் ஒன்றாயிற்று.

மூடும் ஆணை அவ்வாண்டு நவம்பர்த் திங்களில் நடைமுறைக்கு வந்தபோது, அப்பேட்டையார் திரண்டு சென்று, தீயணைப்பு வண்டியை வெளியே விடாது மறித்தனர். ஆதாம் வெனெஸ்கி என்பார் தம் குடும்பத்தோடு அந்நிலையத்திலேயே குடிபுகுந்தார். ஏறத்தாழ 16 மாதம் காவல் நீடித்தது. 'மக்கள் தீயணைப்பகம்' என்று அதற்குப் பெயருமிட்டனர். 1977-இல் நிலையம் மீண்டும் திறக்கப்பட்டது.

அரசின் உடைமையை மறித்தல் முறையோ என வினவுவாருளர். மாநகராட்சியின் இடர் மெய்யானதே. ஆசிரியரும் காவலரும் ஆயிரக்கணக்கில் அன்று வேலையிழந்தனர். அதனை யாம் மறுக்கவில்லை. ஆயினும் சிக்கனம் செய்யத்தக்க பொருள் வேறு, நேரம் வேறு. ஓர் அறையிற் பிடித்த தீ, சில நிமிடங்களிலேயே அவ்வறை முழுதும் ஒருங்கே பற்றியெரியும் நிலையை அடையும். இத்தொழிலினர் நொடியை மதித்த வகையைப் பாருங்கள்: மாடியினின்று படிவழி இறங்கும் காலமும் வீணென்று, 1878-இல் சிகாகோ நகரத்து 21-ஆம் குழுவினர் சறுக்குக் கம்பத்தைக் கண்டனர். அக்குழு கறுப்பினத்தவரால் ஆயது என்பதும் நினைவுகூரத்தக்கது. மாடியிலிருந்து வருவதற்கே இத்துணை விரைவு வேண்டுமாயின், அடுத்த பேட்டையிலிருந்து வருவதற்கு எத்துணை வேண்டும்?

இன்னுமொன்று. எச்சந்து குறுகியது, எவ்வாலையில் எரியும் பண்டம் உள்ளது, எம்மாடியில் நடக்கவியலா முதியவர் கிடக்கிறார் என்பன வரைபடத்தில் எழுதப்படுவன அல்ல. அண்டையில் இருப்பார்க்கே தெரியும். கணக்கர் ஏட்டில் இதற்குப் பத்தியேது? ஆண்டில் எத்தனை முறை மணி அடித்தது என்பதொன்றே அவர் அறிவது. மணி அடியாத நாளிலும் நிலையம் பயன் செய்துகொண்டிருக்கிறது. வடபாகத்தார் தாம் வென்றபின் கலைந்துபோகாமல், மக்கள் தீயணைப்பகம் என்னும் பெயராலேயே சங்கம் அமைத்து, பழைய வீடுகளைச் செப்பனிடவும், வேண்டுமென்றே தீயிடுவதைத் தடுக்கவும் முற்பட்டனர். அயலாராய் இருந்தோரை ஊராராக்கியது அக்கட்டடமே என்போம்.

2003-இல் சிக்கனத்தின் பெயரால் அந்நிலையம் வேறு ஐந்தனோடு மறுபடியும் மூடப்பட்டது. இம்முறை மக்கள் செய்த மறிப்பு வெல்லவில்லை. இரண்டாண்டு கழித்து, 2005-இல், அதே மாநகராட்சி வில்லியம்ஸ்பர்க்கு ஆற்றங்கரையில் பன்மாடிக் குடியிருப்புகள் எழுதற்கு ஏற்பக் கட்டட விதிகளை மாற்றிற்று.