ஐந்து மைலுக்குள் ஒரு நகரம்

நாகர்கோவிலில் கோட்டாறு, வடசேரி, மீனாட்சிபுரம் என்று எந்தப் பக்கம் போனாலும் ஏதாவது ஒரு பழைய ஓட்டு வீடு இடிபட்டுக்கொண்டிருக்கும். ஜேசிபி அரை நாளில் வேலையை முடித்துவிடுகிறது. கதவு, நிலை, உத்தரம் எல்லாவற்றையும் பழைய மர வியாபாரி முதல் நாளே கழற்றிப் போயிருப்பார். மிச்சமிருக்கும் ஓடும் செங்கல்லும் காரையும் டிப்பரில் ஏறி ஏதோ ஒரு வயலையோ பள்ளத்தையோ நிரப்பப் போகின்றன. நிரம்பிய வயலில் கொஞ்ச காலத்தில் ஒரு கான்கிரீட் வீடு எழும்பும். அதற்கான ஜல்லியும் எம்-சாண்டும் மலையை உடைத்து வர வேண்டும். ஆக, ஒரு வீட்டை இடித்ததில் வயலில் ஒரு துண்டும் மலையில் ஒரு துண்டும் சேர்ந்து போகின்றன. மனை விலையையும் சதுர அடிச் செலவையும் பைசா வரை கணக்குப் பார்க்கும் நாம் இதை எந்தக் கணக்கிலும் எழுதுவதில்லை.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி கன்னியாகுமரி மாவட்டத்தில் நூற்றுக்கு 82 பேர் நகர்ப்புறத்தில் வாழ்கிறார்கள். தமிழ்நாட்டில் சென்னைக்கு அடுத்த இடம் இது. ஆனால், இங்கே பெருநகரம் என்று ஒன்று கிடையாது. நாகர்கோவில் மாநகராட்சியானதே 2019இல்தான். ஏறத்தாழ ஐம்பது பேரூராட்சிகள் ஒன்றோடொன்று ஒட்டி, தென்னந்தோப்பும் வாழைத் தோட்டமும் ரப்பரும் இடையிடையே வர, மாவட்டம் முழுக்க ஒரே ஊராக நீண்டு கிடக்கிறது. நாகர்கோவிலில் பஸ் ஏறி களியக்காவிளையில் இறங்கும்வரை வீடே இல்லாத ஒரு கிலோமீட்டரைப் பார்ப்பது அரிது. இப்படிப்பட்ட இடத்துக்கு வெற்று நிலத்தில் கோடு போடும் நகரமைப்பு உதவாது. ஏற்கெனவே கட்டி முடிந்துவிட்ட ஊரை, கையில் இருப்பதைக்கொண்டு எப்படித் திருத்தி வாழ்வது என்பதுதான் இங்குள்ள கேள்வி.

அந்தக் கேள்விக்கு விடை தேடிய ஒரு கட்டடக் கலைஞர் நமக்கு அறுபது, எழுபது கிலோமீட்டர் தள்ளி, திருவனந்தபுரத்தில் வாழ்ந்தார். லாரி பேக்கர் 1917இல் இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில் பிறந்தவர். 1940களில், ஊர் திரும்பக் கப்பலுக்காக பம்பாயில் காத்திருந்த நாள்களில் காந்தியைச் சந்தித்தார். ஒரு வீடு, அது கட்டப்படும் இடத்தைச் சுற்றி ஐந்து மைலுக்குள் கிடைக்கும் பொருள்களால் ஆனதாக இருக்க வேண்டும் என்ற காந்தியின் எண்ணத்தை அவர் ஆயுள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். தொழுநோயாளிகளுக்கான மருத்துவமனைகள், இமயமலைப் பகுதியில் உள்ள பித்தோராகட் என்று பல வருடங்கள் கழித்து, 1970 வாக்கில் திருவனந்தபுரத்தில் நிலைகொண்டார். பொருளியலாளர் கே.என்.ராஜுக்காக அங்கே உள்ளூர் என்ற பகுதியில் அவர் கட்டிய வளர்ச்சி ஆய்வு மையம் இன்றும் நிற்கிறது. சரிவை வெட்டிச் சமப்படுத்தாமல், மரங்களுக்கு வழிவிட்டு, பூசாத செங்கல்லில் எழுப்பிய கட்டடங்கள் அவை. கேரளத்தின் முன்னாள் முதல்வர் அச்சுத மேனன், ராஜ் ஆகியோருடன் சேர்ந்து 1985இல் அவர் தொடங்கிய ‘கோஸ்ட்ஃபோர்டு’ அமைப்பு இப்போதும் அந்த முறையில் வீடு கட்டுகிறது.

பேக்கரை ‘மலிவு வீட்டுக்காரர்’ என்று மட்டும் நினைப்பவர்கள் அவர் வேலை செய்த விதத்தைக் கவனிக்கவில்லை. செங்கல்லைக் குத்துவாட்டில் நிறுத்தி, நடுவே வெற்றிடம் விட்டு எழுப்பும் எலிப்பொறிக் கட்டு முறையில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு செங்கல் மிச்சமாகிறது. உள்ளே அடைபட்ட காற்று வெயிலின் சூட்டையும் தடுக்கிறது. கான்கிரீட் கூரையின் அடிப்பாதியில் இழுவிசையைத் தாங்குவது கம்பிதான். அங்குள்ள கான்கிரீட்டுக்குப் பெரிய வேலை இல்லை. அந்த இடத்தில் பழைய ஓடுகளைப் பதித்தால் சிமெண்டும் குறையும், பாரமும் குறையும். இடிபட்ட வீட்டின் ஓடு புது வீட்டின் கூரைக்குள் போய்விடுகிறது. பழைய கதவுக்கும் ஜன்னலுக்கும் ஏற்றபடி சுவரில் இடம் விடுவார்; மரம் குறுக்கே வந்தால் சுவரை வளைப்பார். மனையில் நின்று, கொத்தனாரோடு பேசிக்கொண்டே திட்டத்தை மாற்றுவார். பொருளுக்கும் ஆளுக்கும் ஏற்பக் கட்டடம் உருமாற இடம் விட்டதே அவருடைய கலை.

இது நமக்குப் புதிய பாடமா? தக்கலையிலிருந்து இரண்டு கிலோமீட்டரில் பத்மநாபபுரம் அரண்மனை இருக்கிறது. 1956இல் மாவட்டம் தமிழ்நாட்டோடு இணைந்த பிறகும் அது கேரளத் தொல்லியல் துறையின் பராமரிப்பில்தான் உள்ளது. சுற்றுலா வருபவர்கள் மூலிகைக் கட்டிலையும் கரும்பளிங்கு போல மின்னும் தரையையும் பார்த்துவிட்டுப் போகிறார்கள். நான் அங்கே போகும்போதெல்லாம் என் கண் கூரைகள் சேரும் இடங்களுக்கே போகிறது. அந்த அரண்மனை ஒரே காலத்தில், ஒரே வரைபடத்தில் பிறந்தது கிடையாது. தாய்க் கொட்டாரம் மூத்தது. மார்த்தாண்ட வர்மா காலத்தில், 1750ஐ ஒட்டி, உப்பரிகை மாளிகை வந்தது. அவ்வப்போது ஊட்டுப்புரை, கருங்கல்லில் நவராத்திரி மண்டபம், வெள்ளைக்கார விருந்தினர்களுக்காக இந்திர விலாசம் என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்தன. வந்தவர்கள் முந்தையவர் கட்டியதை இடிக்காமல், ஒரு நடையோ முற்றமோ விட்டு அடுத்ததை இணைத்தார்கள். மரச்சட்டங்கள் ஒன்றுக்குள் ஒன்று பொருந்தி நிற்பதால் உளுத்த துண்டை மட்டும் ஆசாரி மாற்றிவிட முடியும். சரிந்த மரச் சட்டங்களாலான சாளரங்கள் சாரலைத் தடுத்துக் காற்றை விடுகின்றன. தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு பருவமழையும் கொட்டும் மண்ணுக்கு வேண்டிய ஜன்னல் அது. கோட்டைக்குள் கோயிலும் குளமும் தெருக்களும் உண்டு. மக்கள் இன்றும் குடியிருக்கிறார்கள்.

அரண்மனையில் மன்னர்கள் செய்ததை நாஞ்சில் நாட்டுச் சாதாரண வீடுகள் சின்ன அளவில் செய்தன. பையனுக்குக் கல்யாணம் என்றால் பின்னால் ஒரு சாய்ப்பு இறக்குவார்கள். நெல் வருவது நின்ற பிறகு பத்தாயம் இருந்த அறை பிள்ளைகளின் படிப்பறை ஆனது. தெருவைப் பார்த்த முன்னறை தையல் கடையாகவும் டியூஷன் சென்டராகவும் மாறியது. அயினியும் பலாவும் பனங்கையும் ஓடும் பக்கத்திலேயே கிடைத்தன. ஐந்து மைல் என்று யாரும் சொல்லித்தராமலே அந்த எல்லைக்குள் நின்றார்கள்.

இன்று அந்த ஐந்து மைலுக்குள் என்ன இருக்கிறது? மலையும் மணலும் வயல் மண்ணும் பக்கத்தில்தான் இருக்கின்றன என்று சொல்லி அவற்றை அள்ளுவதற்கு பேக்கரைத் துணைக்கு அழைக்க முடியாது. மேற்குத் தொடர்ச்சி மலையின் கடைசி மலைகள் இவை; கல் எல்லை தாண்டி விழிஞ்ஞம் துறைமுகம் வரை போய்க்கொண்டிருக்கிறது. 2022இல் சுசீந்திரம்–தேரூர், வேம்பனூர் ஈரநிலங்கள் ராம்சர் பட்டியலில் சேர்ந்தபோது மகிழ்ந்தோம். அந்தக் குளங்களுக்குத் தண்ணீர் கொண்டுவரும் கால்வாய்களின் ஓரத்தில்தான் கட்டட இடிபாடும் கொட்டப்படுகிறது. 2021 நவம்பர் மழையில் இரணியல் பக்கம் ரயில் பாதை வரை தண்ணீர் புகுந்ததை மறந்திருக்க மாட்டோம். வயலும் குளமும் வெள்ளத்தைத் தாங்கும் இடங்கள். அவற்றை நிரப்பிய பிறகு தண்ணீர் வீட்டுக்குத்தான் வரும். எனவே, நம் ஐந்து மைலுக்குள் அறத்தோடு எடுக்கக்கூடிய பொருள் என்று மிஞ்சியிருப்பது, நாம் இடித்துக்கொண்டிருக்கும் கட்டடங்கள்தான். நம்முடைய குவாரி அங்கே இருக்கிறது.

ஆன் லக்காத்தோன், ழான் பிலிப் வஸ்ஸால் என்ற பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர்கள் இடிப்பதே கூடாது என்பதைத் தங்கள் தொழிலின் விதியாக வைத்திருக்கிறார்கள். 1996இல் போர்தோ நகரில் ஒரு சிறு சதுக்கத்தை அழகுபடுத்தச் சொன்னபோது, அங்கு வாழ்பவர்களோடு பேசிப் பார்த்துவிட்டு, அது ஏற்கெனவே அழகாகத்தான் இருக்கிறது என்று முடிவு செய்தார்கள். சரளையை மாற்றுங்கள், மரங்களைக் கவனியுங்கள், ஒழுங்காகப் பெருக்குங்கள் என்பதே அவர்கள் தந்த திட்டம். பின்னாளில் அதே நகரில் 530 பழைய அடுக்ககக் குடியிருப்புகளை இடிக்காமல், குடியிருந்தவர்களை வெளியேற்றாமல், வெளிப்பக்கம் அகலமான கண்ணாடித் தாழ்வாரங்களைச் சேர்த்து விரிவாக்கினார்கள். 2021இல் கட்டடக் கலையின் பெரிய விருதான பிரிட்ஸ்கர் அவர்களுக்குக் கிடைத்தது. நம் ஊர்ப் பேச்சில் சொன்னால், 530 வீட்டுக்குச் சாய்ப்பு இறக்கினார்கள்.

எல்லோரும் ஓட்டு வீட்டில் இருக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. ஓடு மாற்ற ஆள் கிடைப்பதில்லை. கரையான் உண்டு, ஒழுக்கு உண்டு. பிள்ளைகள் வளைகுடாவில் இருக்க, வயதானவர்கள் தனியாக அந்தக் கூரையின் கீழ் படும் பாடு எனக்குத் தெரியும். ஐந்து சென்ட் மனையில் மேலேதான் போக வேண்டும். அபாயமான கட்டடம் இடிக்கப்பட்டே ஆக வேண்டும். 2021 டிசம்பரில் திருநெல்வேலியில் பள்ளிக் கழிவறைச் சுவர் விழுந்து மூன்று மாணவர்கள் இறந்த பிறகு இதில் வாதத்துக்கு இடமில்லை. ஆனால், கான்கிரீட் என்றால் கவலை தீர்ந்தது என்ற நம்பிக்கையும் இந்தக் கடற்கரையில் செல்லாது. உப்புக் காற்றில் கம்பி துருப்பிடித்து, கூரையின் காரை பெயர்ந்து விழும் வீடுகளைக் கடலோர ஊர்களில் பார்க்கிறோம். பழைய ஓடு பதித்த கான்கிரீட் கூரை, வெற்றிடம் விட்ட செங்கல் சுவர், மறுபடி இழைத்த பழைய மரம் ஆகியவற்றைக்கொண்டு மாடி வீடும் கட்டலாம்.

இதற்கு ஆள் இல்லை என்பதும் உண்மையில்லை. கன்னியாகுமரியில் விவேகானந்த கேந்திரத்தின் இயற்கை வள மேம்பாட்டுத் திட்டம் கொத்தனார்களுக்குச் செலவு குறைந்த கட்டுமானத்தில் பயிற்சி தந்து வருகிறது. விளவங்கோடு பக்கத்திலிருந்து தினமும் எல்லை தாண்டித் திருவனந்தபுரம் வேலைக்குப் போகிறவர்கள் உண்டு. அப்படி ஒரு கொத்தனாரிடம் ஓடு பதித்த கூரை தெரியுமா என்று கேட்டேன். அங்கே எத்தனையோ போட்டிருப்பதாகச் சொன்னார். இங்கே ஏன் போடவில்லை என்றதற்கு, “இஞ்ச யாரும் கேக்கல்லியே சார்” என்றார்.

கேட்க வேண்டிய முதல் ஆள் அரசு. 2024இல் அறிவிக்கப்பட்ட ‘கலைஞரின் கனவு இல்லம்’ திட்டத்தில் 360 சதுர அடி வீட்டுக்கு மூன்றரை லட்சம் ரூபாய் தரப்படுகிறது. அதில் 300 சதுர அடிக்குக் கான்கிரீட் கூரை. மீதி 60 சதுர அடியின் கூரை பயனாளியின் விருப்பம். அந்த 60 சதுர அடி நல்ல யோசனை. 300 சதுர அடிக் கூரையில் பழைய ஓட்டைப் பதிக்கவும் மாதிரி வரைபடமும் மதிப்பீடும் தயாராக இருந்தால், செலவுக்குத் திணறும் குடும்பம் அதைத் தேர்ந்தெடுக்கும். மாநகராட்சியும் பேரூராட்சிகளும் தங்கள் பழைய பள்ளி, சந்தை, அலுவலகக் கட்டடங்களை ஏலம் விட்டு இடிப்பதற்கு முன், பழுது பார்க்க முடியுமா என்று பொறியாளரைக்கொண்டு சோதித்து எழுத்தில் பதிய வேண்டும். முடியாதென்றால் ஜேசிபி வருவதற்கு முன்பே ஓட்டையும் கழுக்கோலையும் செங்கல்லையும் ஆள் வைத்துப் பிரித்தெடுக்க வேண்டும். பிரித்ததை அடுக்கிவைக்க வட்டத்துக்கு ஒரு ஷெட், அளந்து விலை போட ஒரு ஊழியர், கல்லையும் மரத்தையும் தேர்ந்து சொல்ல வயதான ஒரு ஆசாரி. அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய பழைய நான்கு வட்டங்களில் முதலில் தொடங்கலாம். அடுத்த கோடையில் இடிபட இருக்கும் கட்டடங்களின் பட்டியல் அந்தந்த அலுவலகத்தில் இப்போதே இருக்கும்.