புகையும் ஒரு வண்ணமே

ஆலத்தியூரில் சூளை என்றதும் நினைவுக்கு வருவது சிமெண்டு ஆலைதான். சுண்ணாம்புக் கல்லும் களிமண்ணும் அங்கே ஏறத்தாழ 1450 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் வெந்து உருமாறுகின்றன. அதன் பெருமையை நான் மறுக்கவில்லை. எங்கள் பக்கத்தில் பல வீடுகளில் அடுப்பெரிவது அதனால்தான். ஆயினும் வைக்கோலாலும் வரட்டியாலும் எரியும் இன்னொரு சூளை உண்டு. அது குயவரின் சூளை. அதைக் கல்லூரியில் நாம் பேசுவதே இல்லை. பேச வேண்டும் என்பது என் கருத்து.

இன்று கலைக்கூடங்களில் 'ராக்கு' என்னும் சுடுமண் கலை பெரிதும் போற்றப்படுகிறது. 16ஆம் நூற்றாண்டில் ஜப்பானின் கியோத்தோ நகரில், சென் நோ ரிக்யூ என்னும் தேநீர் ஆசானின் விருப்பத்திற்கேற்பச் சோஜிரோ என்பவர் கிண்ணங்கள் செய்தார். சக்கரத்தில் வனையாமல் கையாலேயே உருவாக்கி, தணலாய்ச் சிவந்திருக்கும்போதே இடுக்கியால் வெளியே எடுப்பது அவ்வழி வந்த முறை. 1960இல் அமெரிக்கக் கலைஞர் பால் சோல்ட்னர், அப்படி எடுத்த கலத்தை இலைதழைகளில் இட்டுப் புகையேற்றிப் பார்த்தார். பின்னர் மரத்தூளும் காகிதமும் இட்டு மூடும் வழக்கம் பரவியது. மெருகுப் பூச்சின் நுண்ணிய வெடிப்புகளில் கரி புகுந்து கறுப்பு வலையாய் நிற்கும். பூச்சில்லாத இடம் கறுத்துவிடும். ஒரு கலம் போல் மறுகலம் அமையாது.

இதில் மாயம் ஒன்றுமில்லை, வேதியியல்தான் உள்ளது. களிமண்ணில் இரும்பு இருக்கிறது. தாராளமாகக் காற்றுப் பட்டு வெந்தால் அது சிவக்கிறது. காற்றை அடைத்துப் புகையை உள்ளே நிறுத்தினால் இரும்பு உயிர்வாயுவை இழக்கிறது, கரியும் மண்ணின் நுண்துளைகளில் படிகிறது, கலம் கறுக்கிறது.

இந்த நுட்பம் நமக்குப் புதிதா? ஆதிச்சநல்லூரிலும், 2015இல் அகழாய்வு தொடங்கிய கீழடியிலும் கிடைத்த கறுப்பு-சிவப்புக் கலங்களைப் பாருங்கள். உள்ளும் விளிம்பும் கறுப்பு, வெளியே சிவப்பு. கவிழ்த்து வைத்துச் சுட்டதால் உட்புறத்திற்குக் காற்று எட்டவில்லை என்பது ஆய்வாளர் பலர் தரும் விளக்கம். இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே நம் குயவர்கள் புகையை வண்ணமாகப் பயன்படுத்தியிருக்கிறார்கள்!

நானும் சோதித்துப் பார்த்தேன். சூளையில் வெந்த சிறு அகல்கள் நான்கினை வாங்கி, பழைய தகர டின்னில் உமிக்குள் புதைத்து, தீ மூட்டி மூடி வைத்தேன். மறுநாள் எடுத்தபோது இரண்டு முழுக்கக் கறுத்திருந்தன. மற்ற இரண்டில் சிவப்பும் சாம்பலும் மேகம்போல் கலந்திருந்தன. அவற்றை விற்ற பெரியவரிடம் காட்டினேன். "இதைத்தாம்பா நாங்க புகை குடிச்ச சட்டின்னு கழிச்சுப் போடுறோம்" என்று சிரித்தார். அவர் கழித்துப் போடுவது நகரத்துக் கலைக்கூடத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறது!

ராக்குக் கலத்தில் நீர் கசியும், சமையலுக்கு உதவாது, வெறும் அலங்காரம்தானே என்று சிலர் கேட்கலாம். உண்மைதான். ஆனால் எவர்சில்வரும் பிளாஸ்டிக்கும் வந்தபின், பொங்கல் பானையையும் கார்த்திகை அகலையும் மட்டுமே நம்பி ஒரு தொழில் எத்தனை நாள் நிற்கும்? அலங்காரமும் சோறு போடும். அந்த வழி அவர்களுக்குத் தெரிய வேண்டாமா? ஏரி மண் எடுக்க அனுமதி கிடைத்தால் மட்டும் போதாது. அந்த மண்ணை ஆளும் கைக்கு மதிப்பும் கிடைக்க வேண்டும்.

ஆகவே ஒரு வேண்டுகோள். வரலாற்றுத் துறையும் வேதியியல் துறையும் சேர்ந்து, ஆண்டுக்கு ஒருநாள் நம் வட்டாரக் குயவர் ஒருவரைக் கல்லூரிக்கு அழைக்கட்டும். வேடிக்கை காட்டுபவராக அல்ல, ஆசிரியராக அழைத்து, அதற்குரிய ஊதியமும் தரட்டும். மைதானத்தின் ஓரத்தில் ஒரு சிறு சூளை போதும். ஜப்பானியர் செய்தால் கலை, நம் ஊர்க் குயவர் செய்தால் சட்டி என்னும் எண்ணம் படித்த நம்மிடம்தான் இருக்கிறது. அதை மாற்ற வேண்டியவர்களும் நாமே அல்லவா?