வண்டியின் குறையை எழுதி வைப்போம்

விழுப்புரம், திண்டிவனம் வட்டாரங்களில் உள்ள நம் சங்கங்களைப் பார்வையிடச் செல்லும்போதெல்லாம் முதலில் என் கண்ணில் படுவது, வாசலில் நிற்கும் சிறு சுமைவண்டிதான். மணிலா மூட்டைகளைத் திண்டிவனம் மார்க்கெட்டில் சேர்ப்பதும், தர்ப்பூசணியைப் புதுச்சேரிக்கு ஏற்றிச் செல்வதும், நெசவாளர் வீடுகளுக்கு நூலையும் பாவையும் கொடுத்து நெய்த சேலைகளைத் திரும்பக் கொணர்வதும் இவ்வண்டியே. 2005ஆம் ஆண்டில் டாடா கம்பெனியின் ஏஸ் வண்டி வெளிவந்தது. நம் மக்கள் அதற்குக் 'குட்டி யானை' என்று செல்லப் பெயர் இட்டனர். 2011இல் அசோக் லேலண்டின் தோஸ்த் வந்தது. மகிந்திராவின் பொலீரோ பிக்கப்பும் கிராமச் சாலைகளில் நிறைந்தது. மாட்டுவண்டி மெல்ல ஒதுங்கிவிட்டது. இம்மாற்றத்தைக் குறை கூற வேண்டியதில்லை. விடியுமுன் ஏற்றிய சரக்கு வெயில் ஏறுமுன் சந்தையில் இறங்குமாயின் அது விவசாயிக்குப் பெரிய சௌகரியமே.

ஆயினும், மாட்டுவண்டியோடு ஒரு நல்ல வழக்கமும் போய்விட்டது. அச்சு முறிந்தாலும், ஆரக்கால் ஆட்டம் கொடுத்தாலும், சக்கரம் செய்த தச்சரும் பட்டை கட்டிய கொல்லரும் அடுத்த தெருவிலேயே இருந்தனர். “என்ன ஆசாரி, தையில் போட்ட சக்கரம் ஆடியிலேயே ஆடுகிறதே” என்று கேட்டால் போதும். அவரே வந்து பார்த்துச் சரி செய்வார். அடுத்த வண்டியில் அத்தவறு நேராமலும் பார்த்துக்கொள்வார். குறையைக் கண்டவரும் பொருளைச் செய்தவரும் ஒரே ஊரில் இருந்தபடியால் வாய்ச்சொல் போதுமானதாயிருந்தது. இன்று நம் வண்டியைச் செய்யும் தொழிற்சாலை எங்கோ இருக்கிறது. நாம் காணும் குறை அங்கே சென்று சேர வேண்டுமானால் காகிதத்தின் வழியாகத்தான் சேர வேண்டும். அக்காகிதத்தை நாம் எழுதுவதில்லை என்பதே என் வருத்தம்.

இதை நான் பிறருக்கு உபதேசமாகச் சொல்லவில்லை. என் தவறும் இதில் கலந்திருக்கிறது.

திருவக்கரைப் பக்கத்துச் சங்கமொன்று, சில காலத்திற்கு முன், செஞ்சிப் பக்கத்து வியாபாரி ஒருவரிடமிருந்து பழைய பிக்கப் வண்டியொன்றை வாங்கியது. வண்டியின் பெயரும் கம்பெனியின் பெயரும் இங்கு வேண்டா. வாங்கிய சில வாரங்களிலேயே டிரைவர் காரியதரிசியிடம், “ஐயா, பிரேக்கை மிதித்தால் சில வேளை பஞ்சை மிதித்தாற்போல் உள்ளே போகிறது” என்று சொன்னார். பக்கத்து மெக்கானிக் எண்ணெய் ஊற்றிக் கொடுத்தார். மறு மாதம் அதே குறை, அதே எண்ணெய். எட்டு மாதத்தில் நான்கு முறை செலவு எழுதப்பட்டது. பின்னர் ஒருநாள் விடியற்காலையில், மணிலா மூட்டைகளோடு வராக நதிக்கரைச் சரிவில் இறங்கும்போது பிரேக் அறவே பிடிக்கவில்லை. டிரைவர் சமயோசிதமாக வண்டியைக் கரும்புக் கொல்லைக்குள் திருப்பினார். அவர் பிழைத்தார். மூட்டை இறக்க உடன் சென்ற கூலியாள் ஒருவருக்குக் கை முறிந்தது. மூன்று மாதம் அவர் வேலைக்குப் போகவில்லை.

பிறகுதான் விசாரணை நடந்தது. அந்த வண்டி தயாரான காலத்து வண்டிகளில் பிரேக் குழாய் ஒன்றை மாற்றித் தருவதாகக் கம்பெனியே கடிதம் அனுப்பியிருந்தது. கடிதம் பழைய சொந்தக்காரர் முகவரிக்குப் போயிற்று. அவர் வண்டியைத்தான் விற்றுவிட்டோமே என்று மேசை இழுப்பறையில் போட்டுவிட்டார். சங்கமோ ஆர்.சி. புத்தகத்தில் பெயர் மாற்றிக்கொள்ளவே இல்லை. சேஸிஸ் எண்ணைச் சொன்னதும் கம்பெனியார் ஒரே நாளில், ஒரு காசும் வாங்காமல், அக்குழாயை மாற்றிக் கொடுத்தனர். ஒரு நாள் வேலை. அதற்காக ஒருவர் கை முறிய வேண்டியதாயிற்று.

அந்தச் சங்கத்தின் கணக்கைப் பார்வையிட்டவன் நான். “பிரேக் வேலை” என்று எழுதிய நான்கு வவுச்சர்களிலும் என் கையெழுத்து இருக்கிறது. ரசீது இருக்கிறதா, தொகை சரியா, நிர்வாகக் குழுவின் அனுமதி உண்டா என்று பார்த்தேன். ஒரே குறை எட்டு மாதத்தில் நான்கு முறை வருவானேன் என்று கேட்கவில்லை. கணக்கில் குற்றமில்லை, பார்வையில் குற்றமிருந்தது.

கம்பெனி தானே வண்டியைத் திரும்ப வரவழைத்துக் குறையை நீக்கித் தருவதற்கு 'ரீகால்' என்று பெயர். இதைக் கேட்டதும், “அப்படியானால் அது மட்டமான வண்டி” என்று அங்கத்தினர் சிலர் நினைக்கின்றனர். அது பொருந்தாது. பல்லாயிரம் வண்டிகள் செய்யுமிடத்தில் ஒரு குறிப்பிட்ட காலத்தில் தயாரானவற்றில் மட்டும் ஓர் உறுப்பு தவறாக அமைந்துவிடுவதுண்டு. 2021ஆம் ஆண்டில் மகிந்திரா கம்பெனி, 2020 ஜனவரி முதல் 2021 பிப்ரவரி வரை தயாரித்த பிக்கப் வண்டிகளில் 29,878 வண்டிகளைத் திரும்ப அழைத்தது. திரவம் செல்லும் குழாய் சரிவரப் பொருத்தப்படாமல் இருக்கலாம் என்ற ஐயமே காரணம். உரியவர்களுக்குத் தனித்தனியே தெரிவித்து இலவசமாகச் சோதித்துச் சரி செய்வதாக அறிவித்தது. தன் குறையைத் தானே வெளியிட்டு இலவசமாகத் திருத்தித் தருவது நாணயத்தின் அடையாளம். நாம் அஞ்ச வேண்டியது, குறை இருந்தும் அழைப்பு வராத வண்டியைக் கண்டுதான். அழைப்பு வந்தும் போகாத வண்டியைக் கண்டு அதைவிட அஞ்ச வேண்டும்.

இத்துறையில் முன்பு கம்பெனிகளின் விருப்பமே விதியாக இருந்தது. 2012இல் மோட்டார் உற்பத்தியாளர் சங்கத்தார் தாமாகவே ஒரு நெறிமுறை வகுத்துக்கொண்டனர். 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டம் 110ஏ என்ற புதிய பிரிவைச் சேர்த்தது. 2021 ஏப்ரல் 1 முதல் அதற்குரிய விதிகள் அமலுக்கு வந்தன. இதன்படி, ஒரு வகை வண்டியின் குறை அதை ஓட்டுபவருக்கோ, அதில் அமர்ந்திருப்பவருக்கோ, சாலையில் செல்லும் மற்றவருக்கோ, சுற்றுச்சூழலுக்கோ தீங்கு விளைவிக்கக்கூடுமாயின், மத்திய அரசே அவ்வகை வண்டிகளைத் திரும்ப அழைக்குமாறு கம்பெனிக்கு ஆணையிடலாம். கம்பெனி பழுது நீக்கித் தரவோ, வேறு வண்டி தரவோ, விலையைத் திருப்பித் தரவோ கடமைப்பட்டது. அபராதம் 10 லட்சம் ரூபாய் முதல் 1 கோடி ரூபாய் வரை போகும். தானே குறையைக் கண்டு தெரிவித்த கம்பெனிக்கு அபராதம் இல்லை. ஏழு ஆண்டுக்கு உட்பட்ட வண்டிகளுக்கே இவ்விதிகள் பொருந்தும்.

இச்சட்டத்தில் நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அரசின் ஆணை எப்போது பிறக்கும்? சோதனை நிலையம் தெரிவித்தால் பிறக்கலாம். சொந்தக்காரர்களில் குறிப்பிட்ட அளவினர் முறையிட்டாலும் பிறக்கலாம். எத்தனை முறையீடுகள் வேண்டும் என்பது வண்டியின் வகைக்கும் ஆண்டு விற்பனைக்கும் ஏற்ப வகுக்கப்பட்டிருக்கிறது. அதாவது, நம் குறைகளைச் சட்டம் எண்ணிக்கொண்டிருக்கிறது. ஆனால் தேநீர்க் கடைப் பெஞ்சில் சொன்ன குறை அந்த எண்ணிக்கையில் சேராது. ஒர்க்ஷாப்பில் சத்தம் போட்டது சேராது. மத்திய போக்குவரத்து அமைச்சகத்தின் 'வாகன்' தளத்தில் பதிவானதே சேரும். நூறு டிரைவர்கள் ஒரே குறையை நூறு ஊர்களில் முணுமுணுத்தால் அது நூறு முணுமுணுப்பு. அந்நூறு பேரும் எழுதினால் அது ஒரு சான்று. கூட்டுறவின் தத்துவம் தெரிந்த நமக்கு இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை.

எழுதியதால் ஆன பயனுக்கு அயல்நாட்டு உதாரணம் ஒன்று கூறலாம். அமெரிக்காவில் மோட்டார் பாதுகாப்புச் சட்டம் 1966இலேயே வந்தது. அங்கே டொயோட்டா கம்பெனியின் டகோமா என்னும் சிறிய பிக்கப் வண்டியில், அடிச்சட்டம் துருப்பிடித்து ஓட்டை விழுவதாகச் சொந்தக்காரர்கள் முறையிட்டனர். பனிக்காலத்தில் சாலையில் உப்புத் தூவும் பிரதேசங்களில் இத்தொல்லை மிகுதி. 2008இல் அக்கம்பெனி, 1995 முதல் 2000 வரையிலான வண்டிகளில் மிகவும் கெட்டுப்போனவற்றை, சந்தை விலைக்கு ஒன்றரை மடங்கு கொடுத்துத் தானே வாங்கிக்கொண்டது. பின்னர் வந்த வண்டிகள் பற்றியும் வழக்கு நடந்து, சுமார் 15 லட்சம் வண்டிகள் சம்பந்தமாக, 340 கோடி டாலர் வரை மதிப்பிடப்பட்ட சமரசம் 2016இல் ஏற்பட்டது. அவர்கள் சாலையில் தூவுவது உப்பென்றால், நாம் மரக்காணம் உப்பளத்திலிருந்து வண்டியில் ஏற்றுவதும் உப்புத்தான். உப்பு ஏற்றும் அங்கத்தினர்கள் வண்டியின் மேற்புறத்தை மட்டும் கழுவி மாலை போடாமல், குனிந்து அடிச்சட்டத்தையும் பார்ப்பது நல்லது.

இனி, நம் பக்கத்துக் குறையையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஏஸ் வண்டி முதலில் வந்தபோது அதன் சுமை அளவு முக்கால் டன். அதன் மேல் ஒன்றரை டன் ஏற்றுவதை வழக்கமாக்கிக்கொண்டு, பிரேக் பிடிக்கவில்லை, ஸ்பிரிங் பட்டை முறிந்தது என்று கம்பெனியைக் குறை கூறுவது நியாயமாகாது. “ஓவர்லோடு ஏற்றினீர்கள்” என்ற ஒரே வார்த்தையில் விற்பனை நிலையத்தார் நம் வாயை அடைத்துவிடுவர். பௌர்ணமியன்று வக்கிரகாளியம்மன் தரிசனத்துக்குச் சரக்கு வண்டியில் ஆட்களை அடைத்து வருவதையும் நான் பார்க்கிறேன். சட்டம் அதை அனுமதிக்கவில்லை. சுமைக் கணக்கு நேர்மையாக இருந்தால்தான் முறையீட்டுக்கு மரியாதை உண்டு. எடைச்சீட்டைக் கிழித்தெறியாமல் கோப்பில் வைக்கும் சங்கமே, “அளவுக்குள்தான் ஏற்றினோம்” என்று நிமிர்ந்து சொல்ல முடியும்.

இவற்றையெல்லாம் உத்தேசித்து, நிர்வாகக் குழுக்கள் முன் சில யோசனைகளை வைக்கிறேன்.

முதலாவது, வண்டிக்கென்று ஒரு குறிப்பேடு. தேதி, ஓடிய கிலோமீட்டர், சுமை, டிரைவர் தம் வார்த்தையிலேயே சொல்லும் குறை, செய்த வேலை, கொடுத்த தொகை ஆகியவற்றுக்கு ஆறு பத்திகள் போதும். “பிரேக் வேலை” என்று எழுதுவதைவிட, “மிதித்தால் உள்ளே போகிறது” என்று எழுதுவது ஆயிரம் பங்கு மேல். ஒரே குறை இரண்டாம் முறை வந்தால் காரியதரிசி அதைச் சிவப்பு மையால் அடிக்கோடிட்டுக் குழுவின் முன் வைக்க வேண்டும்.

இரண்டாவது, பழைய வண்டி வாங்கும்போது ஆர்.சி. புத்தகத்திலுள்ள 17 இலக்கச் சேஸிஸ் எண்ணைக் கம்பெனியின் சர்வீஸ் நிலையத்தில் காட்டி, ரீகால் பாக்கி உண்டா என்று எழுத்தில் பெற வேண்டும். ஒரே மாநிலத்துக்குள் விற்பனையாயின், விற்றவர் 14 நாட்களுக்குள்ளும் வாங்கியவர் 30 நாட்களுக்குள்ளும் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டுமென்பது சட்டம். முகவரியும் போன் எண்ணும் மாற்றப்படாத வண்டிக்கு வரும் எச்சரிக்கை, வேறொருவர் வீட்டு இழுப்பறையில்தான் உறங்கும்.

மூன்றாவது, குறையை விற்பனை நிலையத்தில் வாயால் சொல்லி வராமல் எழுதிக் கொடுத்து, நகலில் முத்திரையும் கையெழுத்தும் வாங்க வேண்டும். பிரதியைக் கம்பெனிக்கு விரைவுத் தபாலில் அனுப்ப வேண்டும். அத்துடன் வாகன் தளத்திலும் பதிவு செய்ய வேண்டும். கணினி தெரிந்த இளைஞர் இல்லாத சங்கம் இன்று இல்லை.

நான்காவது, நஷ்டஈடு பற்றியது. 2020 ஜூலையில் அமலுக்கு வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், குறையுள்ள பொருளால் விளைந்த தீங்குக்கு உற்பத்தியாளரைப் பொறுப்பாக்குகிறது. வணிக நோக்கத்துக்காக வாங்கியவர் நுகர்வோர் ஆகார் என்று அச்சட்டம் கூறினாலும், தம் பிழைப்புக்காகச் சுயதொழில் செய்ய வாங்கியவருக்கு விலக்கு அளித்திருக்கிறது. ஒரே வண்டியை வாங்கித் தாமே ஓட்டிப் பிழைக்கும் அங்கத்தினர் இதை அறிந்திருக்க வேண்டும். இரண்டு ஆண்டுக்குள் மாவட்ட ஆணையத்தில் வழக்கிட வேண்டும். 5 லட்சம் ரூபாய்க்கு உட்பட்டதாயின் கட்டணமில்லை. சங்கம் வாங்கிய வண்டியாயின், வணிக நோக்கம் என்ற ஆட்சேபம் எழக்கூடும். முன்னதாக வக்கீலைக் கலந்துகொள்வது நலம். 1915 என்ற தேசிய உதவி எண்ணிலும் ஆலோசனை பெறலாம்.

“எழுத எங்களுக்கு நேரமேது?” என்று ஒரு தலைவர் என்னிடம் கேட்டார். நியாயமான கேள்விதான். தறியும் நிலமும் மனிதனை விடுவதில்லை. ஆனால் நான்கு முறை எண்ணெய் ஊற்ற நேரம் இருந்தது. நான்கு முறை வவுச்சர் எழுதவும், அதில் நான் கையெழுத்திடவும் நேரம் இருந்தது. கை முறிந்த கூலியாள் சங்கத்தின் அங்கத்தினர்கூட அல்லர். நம் பொருளைச் சுமந்து பிழைப்பவர். நாம் எழுதாமல் விட்ட இரண்டு வரிக்கு அவர் மூன்று மாதக் கூலியைக் கொடுத்தார்.

இனி நான் எந்தச் சங்கத்துக்கு வந்தாலும், பேரேட்டுக்கு முன்பு வண்டிக் குறிப்பேட்டைக் கேட்பேன். அங்கத்தினர்களும் வரும் பொதுக்குழுவில் அதைக் கேட்க வேண்டுகிறேன்.