பீஸ் யாருக்குக் காவல்?

ஸ்டார்ட்டர் இல்லாமல் மோட்டார் ஓடாது, அதனால் வாங்கிவிடுவோம். எர்த் கம்பி இல்லாமல் ஜோராக ஓடும். அதனால் 'அப்புறம் பாத்துக்கலாம்!' கடமலைக்குண்டில் மூல வைகை ஓரத் தோட்டமானாலும் சரி, உங்க ஊர்க் கிணறானாலும் சரி, கதை இதுதான்.

கேட்டால், "அதான் பீஸ் இருக்குல்ல தம்பி?"

இருக்கு. ஆனால் அது மோட்டாரின் ஆள். ஐந்து ஹெச்.பி. மோட்டார் ஓடும்போதே சுமார் 7 ஆம்பியர் இழுக்கும். அதையும் நன்றாகத் தாண்டினால்தான் பீஸ் உருகும். மனுஷ நெஞ்சு தாளம் தப்ப அதில் நூறில் ஒரு பங்கே ஜாஸ்தி. பி.காம். மூளைக்கே இந்தக் கணக்கு உதைக்கிறது.

காயில் பழுதாகி கரண்ட் பாடிக்கு வந்தால், எர்த் கம்பி அதை மண்ணுக்கு இழுத்துப் போகும். அது இல்லாவிட்டால் ஈரக்காலோடு தொடுகிறவர்தான் எர்த் கம்பி! காய்ந்த மண் கரண்டைச் சரியாக வாங்காது. எர்த் குழியில் கரி, உப்பு போட்டுத் தண்ணீர் ஊற்றுவது அதற்காகத்தான். அப்போதும் பீஸ் போகும் என்று உறுதியில்லை. 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே கட் பண்ணுகிற இ.எல்.சி.பி.யும் வேணும்.

மோட்டார் பாடிக்குத் தனித்தனியாக ரெண்டு எர்த் வேணும் என்று 1956 மின்சார விதிகளிலேயே எழுதியாச்சு. தமிழ்நாட்டில் 1990-லிருந்து விவசாயிக்குக் கரண்ட் இலவசம். கம்பிக்கு மட்டும் காசு. அங்கேதான் கை சுருங்குகிறது.

பொங்கலுக்கு ஊருக்குப் போனால் மோட்டார் ரூமை எட்டிப் பாருங்கள். தொடாமல்! ரெண்டு கம்பி இல்லையென்றால் லைசென்ஸ் உள்ள எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். "இத்தனை வருஷமா நல்லாத்தானேடா ஓடுது?" என்பார் அப்பா. அவரையும் கூடவே நிற்க வையுங்கள்.