நீராவி அயன் வாங்குமுன்

ஆனி, ஆடி மாதங்களில் மலைநாட்டு இல்லங்களில் துணி உலர்த்துவது பெரும்பாடாகும். ஹற்றன், மஸ்கெலியாப் பகுதிகளில் வெயிலைக் காண்பதே அரிதாகிவிடும். இஸ்தோப்புக் கொடியில் மூன்று நாள் தொங்கிய வெள்ளைச் சீருடையும் ஈரம் வற்றாமல், சுருக்கம் நீங்காமல் கிடக்கும். மறுநாட் காலையிலோ பிள்ளை பாடசாலைக்குப் போயாக வேண்டும். 'நீராவி அயன் ஒன்று வாங்கினால் என்ன?' என்று தாய்மார் எண்ணுவது இயல்பே. அவ்வாறு எண்ணுவோர் கடைக்குப் புறப்படுமுன் கவனிக்க வேண்டிய சில விஷயங்களை இவ்வாரம் எடுத்துரைக்க விரும்புகிறோம்.

மின்சார அயன் புதிய பொருளன்று. 1882ஆம் ஆண்டிலேயே நியூயோர்க்கைச் சேர்ந்த ஹென்றி சீலி என்பவர் அதற்குக் காப்புரிமை பெற்றார். நீராவி விடும் அயன் 1920களில் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. நம் மலைகளிலோ சிரட்டைக் கரியிட்டு ஊதும் பெட்டியே நெடுங்காலம் வழங்கியது. 1950இல் லக்சபான நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கியது. நம் மலையாறுகளின் வலிமை தொலைதூர நகரங்களுக்கு ஒளி தந்தது. ஆனால் அவற்றின் அருகிலிருந்த லயங்கள் பல, அதன் பின்னரும் மண்ணெண்ணெய் விளக்கையே நம்பியிருந்தன. பிற்காலத்தில் மின்சாரம் வந்தபோதும், விளக்குக்கும் வானொலிக்கும் போதுமான 5 அம்பியர் பிளக்கே பல காம்பராக்களுக்குக் கிடைத்தது. அயன் வாங்குவோர் முதலில் நோக்க வேண்டியது இந்தப் பிளக்கைத்தான்.

கணக்கு மிக எளிது. வீட்டிலுள்ள மாணவர்களே இதனைச் செய்து காட்டலாம். நம் நாட்டு வீட்டு மின்சாரம் 230 வோல்ட். அயனிலே பொறித்துள்ள வாட் எண்ணை 230ஆல் வகுத்தால், அது இழுக்கும் அம்பியர் தெரிந்துவிடும். 1,000 வாட் சாதாரண அயன் ஏறக்குறைய 4.3 அம்பியர் இழுக்கும். 5 அம்பியர் பிளக் அதனைத் தாங்கும். 2,000 வாட் நீராவி அயனோ 8.7 அம்பியர் இழுக்கும். 5 அம்பியரின் எல்லை 1,150 வாட்தான். நீராவி அயன்களிற் பெரும்பாலானவை இவ்வெல்லையைக் கடந்தவை. இன்று இலங்கையின் தரமாக வகுக்கப்பட்டுள்ள 13 அம்பியர் சதுரமுனைப் பிளக்கே அவற்றுக்கு ஏற்றது.

இதனை அறியாதார் அடப்டர் ஒன்றைச் செருகி, பெரிய பிளக்கைச் சிறிய துளையில் மாட்டிவிடுகின்றனர். அயனும் சுடுகிறது, ஆவியும் வருகிறது. ஆனால் சுவருக்குள் ஓடும் மெல்லிய கம்பியும் உடன் சுடுகிறது என்பதை எவரும் காண்பதில்லை. அடுத்தடுத்துக் காம்பராக்கள் ஒரே கூரையின்கீழ் அமைந்த லயத்தில், ஒரு வீட்டிற் பற்றும் தீ ஒரு வீட்டோடு நிற்பதில்லை. ஆதலின், தகுதியுள்ள மின்பணியாளரைக் கொண்டு தக்க கம்பியும் 13 அம்பியர் பிளக்கும், நிலத்தொடுப்பும், ட்ரிப் சுவிச்சும் அமைத்த பின்னரே நீராவி அயன் வாங்குதல் வேண்டும். அதற்கு வசதியில்லையேல் 1,000 வாட் சாதாரண அயனே போதுமானது. பருத்திச் சீருடையில் நீர் தெளித்துச் சுருட்டிச் சிறிது நேரம் வைத்துத் தேய்த்தால் சுருக்கம் நன்றாகவே நீங்கும்.

பிளக் வசதியுள்ளோர் கடையிலே நீர் ஊற்றி இயக்கிப் பார்த்து வாங்குக. வெப்பக் குமிழில் ஒரு புள்ளி ஏறத்தாழ 110 பாகைச் சூட்டையும், இரண்டு புள்ளி 150 பாகையையும், மூன்று புள்ளி 200 பாகையையும் குறிக்கும். ஒரு புள்ளிச் சூட்டில் நீர் முழுவதும் ஆவியாகாமல் துணியிற் சொட்டக்கூடும். சொட்டாது தடுக்கும் அமைப்பு உண்டா என வினவுக. உரிய சூடு ஏறியதும் 'டிக்' என்ற ஓசையுடன் விளக்கு அணைய வேண்டும். வயர் அயனுடன் சேருமிடம் மடிந்து முறியாமல் சுழல வேண்டும். உத்தரவாதச் சீட்டுடன், பழுது பார்க்கும் இடம் அண்மையில் உண்டா என்பதையும் கேட்டறிக. சூட்டுப் பாதுகாப்பு பழுதானால், அதனை நீக்கிவிட்டு வெறுங்கம்பியால் இணைத்துத் தருவாரிடம் அயனை ஒருபோதும் ஒப்படைக்கலாகாது.

நீரைப் பற்றியும் ஒரு வார்த்தை. சுண்ணாம்பு மிகுந்த யாழ்ப்பாணக் கிணற்று நீர் அயனின் ஆவித் துளைகளை விரைவில் அடைத்துவிடும். நமது பீலித் தண்ணீரில் அத்தொல்லை குறைவு; ஆனால் மழைக்காலத்தில் மண்ணும் இலைத்தூளும் கலந்து வரும். தெளியவைத்து, மெல்லிய துணியில் வடித்தே ஊற்றுக. வேலை முடிந்ததும் பிளக்கைக் கழற்றி, எஞ்சிய நீரைக் கொட்டிவிடுக.

மாலை 6.30 முதல் இரவு 10.30 வரை மின்பாவனை உச்சத்திலிருக்கும் நேரம். அவ்வேளையைத் தவிர்த்து, ஞாயிறு பகலில் வாரத்துச் சீருடைகளை ஒருசேரத் தேய்த்து வைப்பது நன்று. ஒவ்வொரு நாளும் அயனைப் புதிதாகச் சூடேற்றும் செலவு மிஞ்சும். விடியற்காலை அவசரமும் குறையும். அதிக விலையுள்ள அயனே நம்பகமானது என்று கருத வேண்டா. வீட்டுக் கம்பி தாங்கக்கூடியதும், பழுது நேர்ந்தால் அருகிலேயே திருத்தக்கூடியதுமான அயனே நம் குடும்பங்களுக்கு உகந்தது.