வெளிச்சம் யார் மேல்?

நம் விமர்சன வட்டாரத்தில் ஒரு வசவு நெடுநாளாகப் புழங்குகிறது: 'இது வெறும் புகைப்படம்.' ஒரு கதையோ கவிதையோ கண்டதைக் கண்டபடி சொல்லிவிட்டு நின்றால் உடனே இந்த முத்திரை விழும். குத்துபவர்களில் பெரும்பாலோர் காமிராவின் பின்னால் ஒரு மணி நேரம் நின்றவர்கள் அல்ல. காமிரா கணத்தைப் பிடிக்கிறது, பிடித்ததைப் பிரதி எடுக்கிறது, கலைஞனின் கைக்கு அதில் வேலையில்லை. இந்த மூன்று நம்பிக்கைகளின் மேல்தான் அந்த வசவு உட்கார்ந்திருக்கிறது. மூன்றும் தவறு.

முதலில் கணம். நீப்ஸ் 1826-லோ 1827-லோ தன் வீட்டு மாடி ஜன்னலிலிருந்து எடுத்த படம்தான் இன்று எஞ்சியிருக்கும் மிகப் பழைய காமிராப் படம். அதில் இரு பக்கச் சுவர்களிலும் வெயில் விழுந்திருக்கிறது. சூரியன் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போகும்வரை தகடு திறந்தே இருந்திருக்கிறது. குறைந்தது எட்டு மணி நேரம். 1838-ல் தாகேர் எடுத்த பாரிஸ் வீதியோ காலியாகக் கிடக்கிறது. வண்டிகளும் ஜனங்களும் நகர்ந்துகொண்டே இருந்ததால் பதியவில்லை. பூட்ஸுக்குப் பாலிஷ் போட்டுக்கொள்ள நின்றவர் மட்டும் தங்கிவிட்டார். புகைப்படம் காத்திருப்பில் பிறந்த கலை. கணம் பல பத்தாண்டுகள் கழித்து, வேகமான தகடுகளோடுதான் அதற்கு வந்து சேர்ந்தது. கார்த்தியே-ப்ரெஸ்ஸோனின் 1952 புத்தகத்துக்கு ஆங்கிலத்தில் 'தீர்மானகரமான கணம்' என்று பெயர். ஃப்ரெஞ்சுத் தலைப்பில் கணமும் இல்லை, தீர்மானமும் இல்லை. மொழிபெயர்த்த தலைப்பை மட்டும் படித்துவிட்டுக் 'கணத்தின் தரிசனம்' என்று கவிதைக்கு ஒரு சித்தாந்தமே கட்டிவிட்டார்கள் இங்கே.

இனி பிரதியும் கையும். நான் வங்கிக் குமாஸ்தா. எனக்கு ஸ்டூடியோ கிடையாது. இருட்டு மட்டும் உண்டு. இரவில் சமையலறை ஜன்னலைக் கம்பளியால் மூடிவிட்டு, மூலையில் கிடக்கும் ஆட்டுக்கல்லின் எதிரே காமிராவை முக்காலியில் நிறுத்துவேன். விளக்கு எரியும்போதே ஃபோகஸ் செய்து பூட்டிவிட வேண்டும். இருட்டில் லென்ஸுக்குக் கண் தெரியாது. அபெர்ச்சர் 11, ஐஎஸ்ஓ 100, ஷட்டர் 'பி'யில். விளக்கை அணைத்து, ஷட்டரைத் திறந்து, டார்ச்சோடு இரண்டு நிமிஷம் நடக்கிறேன். நேர் எதிரே நின்று அடித்தால் கல் ஒரு தட்டையான வெள்ளைத் திட்டு. டார்ச்சைத் தாழ்த்திப் பக்கவாட்டில் கல்லை உரசினாற்போல் செலுத்தினால், உளி கொத்திய ஒவ்வொரு குழியும் தன் நிழலோடு எழுந்து வருகிறது. தூரத்தை இரட்டித்தால் விழும் வெளிச்சம் ஏறக்குறைய கால் பங்காகிவிடும். அதை நடையால் ஈடுகட்ட வேண்டும், நாலு மடங்கு நேரம் அந்த இடத்தில் தயங்க வேண்டும். இதில் பிரதி எங்கே இருக்கிறது? அந்தக் கல்லை அப்படி யாரும், நானும்கூட, ஒரு கணத்திலும் பார்த்ததில்லை. நூறு கோணங்களின் தொகை அது. தொகுத்தது என் கை.

ஆனால் அந்தக் கை படத்தில் இல்லை. இரண்டு நிமிஷமும் சட்டகத்துக்குள்ளேயே நடந்தவன் மறைந்துபோகிறான். அவன் மேல் வெளிச்சம் விழவில்லை, அவன் எங்கும் நிற்கவுமில்லை, அவ்வளவுதான் ரகசியம். டார்ச்சைக் கல்லின் பக்கம் திருப்பினால் கல் தெரியும். லென்ஸின் பக்கம் திருப்பினால் கோடு விழும். தன் முகத்தில் அடித்துக்கொண்டால் முகம். இந்தக் கலையின் முழு இலக்கணமும் இதுதான்.

இதை வைத்து நம் 'சோதனை' முயற்சிகளைப் பார்க்கலாம். ஒளி ஓவியம் என்ற பெயரில் இன்று வந்து குவிகிறவற்றில் முக்கால்வாசி லென்ஸின் பக்கம் திருப்பியவை: இரும்பு நாரைப் பற்றவைத்துச் சுழற்றிய பொறி மழை, நின்றவரின் முதுகில் வரைந்த தேவதைச் சிறகு, வர்ண விளக்குச் சுருள்கள். ஒன்றைப் பார்த்தால் எல்லாவற்றையும் பார்த்தாயிற்று. வரிகளை உடைத்தும் எழுத்துகளை மாடிப்படியாக அடுக்கியும் 'உருவச் சோதனை' செய்யும் நம் கவிஞர்களுக்கு இவர்கள் சொந்தச் சகோதரர்கள். கருவி தன் சாமர்த்தியத்தைத் தானே காட்டிக்கொள்கிறது. உலகத்தின் எந்த மூலையும் இதனால் வெளிச்சம் பெறவில்லை.

பெரிய பெயர்களைச் சொல்லி என்னை மடக்கலாம். மேன் ரே 1935-ல் தன்னையே படமெடுத்தபடி காற்றில் சிறு விளக்கால் கிறுக்கினார். அந்தக் கிறுக்கலைக் கண்ணாடியில் பார்த்தால் அவருடைய கையெழுத்து என்று 2009-ல்தான் கண்டுபிடித்தார்கள். 74 வருஷம் கழித்து அகப்பட்ட புதையல் ஒரு கையெழுத்து! 1949-ல் பிக்காஸோ விளக்கால் இருட்டில் வரைந்ததை ஜான் மிலி படமாக்கினார். கோடு அபாரம்தான், மறுக்கவில்லை. ஆனால் ஒரு ஃப்ளாஷும் அடித்தாக வேண்டியிருந்தது, வரைந்தவரின் உருவம் விழுவதற்காக. பிக்காஸோவுக்கு அது தாங்கும். நம்மவர்களின் பத்து வரிக் கவிதையில் எட்டு வரி ஃப்ளாஷ். 'நான்', 'என் தனிமை', 'என் நிழல்'. மீதி இரண்டு வரியில் ஒரு மரம் நின்றால், அதுவும் இவரைப் பார்த்துத்தான் அழுகிறது.

ஆள் மறைந்தால் போதுமா என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. 1914-ஐ ஒட்டி அமெரிக்காவில் ஃப்ராங்க் கில்பிரெத்தும் லில்லியன் கில்பிரெத்தும் தொழிலாளிகளின் கையில் சிறு பல்பைக் கட்டி, வேலை செய்யவிட்டு, நீண்ட நேரம் படமெடுத்தார்கள். ஆள் மங்கிப்போனான், கை போன பாதை வெள்ளைக் கோடாக நின்றது. வீண் அசைவு எது என்று அதைப் பார்த்துக் கணக்குப் போட்டார்கள். கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்து, மணிக்கு எத்தனை வவுச்சர் என்று எண்ணப்படுகிற எனக்கு இந்தப் படங்கள் அழகாகத் தெரிவதில்லை. இங்கே மறைந்தவன் விளக்கை ஏந்தியவன் அல்ல, விளக்கு கட்டப்பட்டவன். வெளிச்சம் யார் கையில், யார் மேல் என்ற கேள்வியைத் தாண்டித் தொழில்நுட்பத்துக்கென்று தனி ஒழுக்கம் கிடையாது. கவிதை உத்திக்கும் கிடையாது.

நீண்ட நேரம் என்பதும் தன்னளவில் ஒரு மகிமை இல்லை. ஸுகிமோட்டோ திரையரங்குகளில் ஒரு முழுப் படம் ஓடி முடியும்வரை ஷட்டரைத் திறந்து வைத்தார். முத்தம், துப்பாக்கிச் சூடு, சாவு எல்லாம் சேர்ந்து கடைசியில் ஒரு வெள்ளைச் செவ்வகம். திரை வெளுத்ததால் அரங்கத்தின் சுவரும் நாற்காலிகளும் துலங்கின. அவருக்குத் தெரிந்தே செய்தது. நம் நெடுங்கவிதைக்காரர்களுக்கோ வெளுப்பு மட்டும்தான் கைகூடியிருக்கிறது. எப்போது மூடுவது என்று தெரியாதவன் திறக்கவே கூடாது.

மொபைல் போன் இப்போது பல சட்டகங்களை ஒன்றாகக் கோத்து மூன்று விநாடியில் இரவைப் பகலாக்கித் தருகிறதே, இந்த நடை எதற்கு என்பார்கள். போன் தரும் இரவு எல்லோருக்கும் பொதுவான, முன்கூட்டியே சமைத்த இரவு. எந்த இருட்டை இருட்டாகவே விட வேண்டும் என்று அதை நான் கேட்க முடியாது. என் படத்தில் ஆட்டுக்கல்லின் இடப்பக்கம் கறுப்பாகவே இருக்கிறது. நான் அங்கே போகவில்லை.

ஆகவே 'வெறும் புகைப்படம்' என்று எழுதப் பேனா எடுப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. கண்டதைச் சொல்லிவிட்டு ஆள் தெரியாமல் விலகிக்கொண்ட ஒரு கவிதை உங்களிடம் வந்தால், உழைப்பே இல்லை என்று முடிவு கட்டாதீர்கள். குழிகள் தெரிகின்றனவா என்று பாருங்கள். தெரிந்தால், யாரோ இருட்டில் நெடுநேரம் குனிந்து நடந்திருக்கிறார்.