தலைக்கு ஒரு சொல், முடிக்கு ஒரு சொல்

திருமலையில் பஸ்ஸைவிட்டு இறங்கியதும் முதலில் கண்ணில் படுவது கோபுரமல்ல, தலைகள். சந்தனம் பூசிய மொட்டைத் தலைகள். கைக்குழந்தை, பாட்டி, கல்லூரி மாணவி என்ற வித்தியாசமே இல்லை. ஆங்கிலப் பத்திரிகைகளில் இவர்கள் அனைவருக்கும் ஒரே அடைமொழிதான்: ‘டான்ஷர்டு’.

சொல்லின் பூர்வீகம் லத்தீன். ‘டோண்டேரே’ என்றால் கத்தரித்தல், மழித்தல். 14ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆங்கிலத்துக்கு வந்தபோது அது குறித்தது ஐரோப்பியத் துறவியின் தலையை. உச்சியை மழித்து, சுற்றிலும் வளையமாக முடியை விட்டிருப்பார்கள். உலகைத் துறந்து திருச்சபையில் சேர்ந்தவர் என்பதற்கு அடையாளம். குருத்துவத்தின் முதல் படியாக இருந்த அந்தச் சடங்கை 1972இல் போப் ஆறாம் பால் நீக்கிவிட்டார். பிறந்த வீட்டில் ஓய்வுபெற்ற சொல் நம் நாளிதழ்களில் இன்னும் முழுநேர வேலை பார்க்கிறது.

ஆனால் பொருத்தமான வேலைதானா? துறவியின் மழித்த தலை அவர் யார் என்று சொல்கிறது. திருமலைக்கு வருபவர் துறவியல்ல, குடும்பஸ்தர். சில மாதங்களில் முடி வளர்ந்து பழைய ஆளாகிவிடுவார். அவர் அங்கே விட்டுச் செல்வது முடியை. அதனால்தான் தமிழில் அது ‘முடி காணிக்கை’. மழிக்கும் இடத்துக்கே ‘கல்யாண கட்டா’ என்று மங்கலப் பெயர். நீளாதேவி தன் கூந்தலை அறுத்துப் பெருமாளுக்குத் தந்த கதையிலும் பேச்சு முடியைப் பற்றியதுதான்.

இது வெறும் சொல் விளையாட்டல்ல. தேவஸ்தானம் ஏலம்விடும் முடி உலகெங்கும் சவுரியாகப் போகிறது. மணமான பின் தலையை மறைக்கச் சவுரி அணியும் வைதிக யூதப் பெண்களிடையே 2004இல் கேள்வி எழுந்தது: இது வெட்டி எறிந்த முடியா, வேற்றுத் தெய்வத்துக்குப் படைத்த முடியா? லண்டனிலிருந்து ஒரு யூத மதகுரு திருமலைக்கே வந்து பார்த்தார். படைத்ததுதான் என்று ஜெருசலேமின் மூத்த மதகுரு எலியாஷிவ் தீர்ப்பளித்தார். நியூயார்க்கின் புரூக்ளினில் விலையுயர்ந்த சவுரிகள் தெருவில் எரிந்தன. ‘டான்ஷர்டு’ என்ற சொல்லில் விடை கிடைக்காத கேள்வி அது.

இன்னொரு கோளாறும் உண்டு. ஊர்ப் பஞ்சாயத்து ஒரு பெண்ணின் தலையை மழித்து ஊர்வலம் விட்டாலும் ஆங்கிலச் செய்தியில் அவள் ‘டான்ஷர்டு’தான். பக்தையும் அவளும் ஒரே சொல்லில். தமிழில் ‘மொட்டை போட்டுக்கொண்டாள்’, ‘மொட்டை அடித்தார்கள்’ என்று வினையே பிரித்துவிடுகிறது. ‘கொண்டாள்’ என்பதில் அவளுடைய சம்மதம் இருக்கிறது. ஆங்கிலத்தில் எழுதுபவர்கள் இன்னும் நாலு வார்த்தை செலவழித்தாவது அந்தச் சம்மதம் இருந்ததா, இல்லையா என்று சொல்லிவிட வேண்டும். வேண்டுதலுக்கும் வன்கொடுமைக்கும் இடையே இருப்பது அது ஒன்றுதான்.